உந்த ஐந்தாவது புத்தகம்

தம்பி கதிரவேலு செத்த செய்தி வந்து பத்தொன்பதாம் நாள், அவன் சாவதற்கு முன் கனடாவிலிருந்து போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. கப்பலில் வந்த கடிதம். தண்ணீர் பட்டு ஒரு பக்கம் முழுக்க நீல மை ஊறியிருந்தது. நீர்வேலி வாசிகசாலையைப் பார்த்துக்கொண்டிருந்த குணலட்சுமி நின்றபடியே வாசித்தாள். மடித்து வைத்தாள். பிறகு பேப்பர்களை மேசையில் பரப்பினாள். செய்தி வந்த அன்றும் அவள் அழவில்லை.

கடிதத்தில் இருந்தது இதுதான்: அவனுடைய பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் விஞ்ஞானி ஒருவர், பெரிய ஆள். படிக்க வருகிறவர்களுக்கு ஐந்து புத்தகங்களைச் சொல்வாராம். கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் இல்லை, கதைப்புத்தகமும் இல்லை. தேனீக்கள், இடிந்து விழுந்த பாலங்கள், ஆறுகள் திசைமாறுவது, தன் பிழைகளையே எழுதிவைத்த ஒரு வைத்தியர். ஐந்தாவதின் பெயரை மை தின்றுவிட்டது. கடைசி வரிகள் மட்டும் தப்பியிருந்தன.

'நாலையும் நான் அனுப்பிறன். உந்த ஐஞ்சாவதை மட்டும் நீ ஒருக்கா வாசி அக்கா. நான் சொல்லித்தான் அந்தாள் அதைச் சேர்த்தவர்.'

இரண்டு மாதமாகியும் நாலும் வரவில்லை. அவன் கேட்ட கடைசிக் காரியம் அந்த ஐந்தாவது. பண்டத்தரிப்புக்கும் பருத்தித்துறைக்கும் சைக்கிள் உழக்கி, பள்ளிக்கூட அலுமாரிகளை எல்லாம் கிண்டினாள்.

"என்னக்கா, பருத்தித்துறையிலையும் இல்லையே?" என்றான் கனிசியஸ். குருநகர்க்காரன், மீன் பெட்டியோடு வந்து ஓசிப் பேப்பர் வாசிக்கிறவன். யாருடைய குரலும் அவன் தொண்டையில் இருக்கும். "அங்கத்தைப் பள்ளிக்கூட மாஸ்டர் என்ன சொன்னவர்? 'பேர் தெரியாத புத்தகத்தை எங்கையடி பிள்ளை தேட, மூக்காலை மணந்தோ?' எண்டிருப்பாரே?"

"ஓம். அப்பிடித்தான் சொன்னவர்."

அவள் சிரிக்காததைக் கண்டு கடிதத்தை வாங்கினான். கதிரவேலு ஊரில் இருந்த காலத்தில் அவனை அவனுக்கு முன்னாலேயே நடித்துக் காட்டி அடி வாங்கியவன். அந்த வரியைக் கதிரவேலுவின் குரலிலேயே, முதல் சொல்லை இழுத்து வாசித்தான்.

"உ...ந்த ஐஞ்சாவதை மட்டும் நீ ஒருக்கா வாசி அக்கா."

குணலட்சுமி நிமிர்ந்தாள். "திருப்பிச் சொல்லு."

"உந்த ஐஞ்சாவதை..."

அந்த இல்லை. இந்த இல்லை. உந்த. கேட்கிறவளுக்குப் பக்கத்தில் இருப்பது. இரண்டு மாதமாய்க் கண்ணால் வாசித்தவள் இப்போதுதான் காதால் கேட்டாள்.

முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலுமாரியைத் திறந்து, ஒவ்வொரு புத்தகத்தின் இரவல் அட்டையிலும் தம்பியின் பெயரைத் தேடினாள். கீழ்த்தட்டில், வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலப் புத்தகம் ஒன்று: யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லும் கிணறுகளும். ஒட்டியிருந்த இரவல் அட்டையில் நான்கு முறை கதிரவேலு. நான்கும் அவள் கையெழுத்து. என்ன புத்தகம் என்று ஒருமுறைகூடக் கேட்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

ஐந்தாவதாகத் தன் பெயரை எழுதினாள்.

"கனிசியஸ், உந்தக் குரலிலை இன்னொருக்கா."

"என்னத்தை அக்கா?"

"'அக்கா' எண்டு."

அவன் வாயைத் திறந்தான். தொண்டையைச் செருமினான். "அக்கா" என்றான். வந்தது அவனுடைய சொந்தக் குரல்.

"சரி" என்று அவள் முதல் பக்கத்தைப் புரட்டினாள்.