ஸ்டோவ்னர் கடைக்குக் கலிபோர்னியாவில் நியாயம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ரவி கையில் கடிதத்தோடு என் வீட்டு வாசலில் நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை.

ரவி ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் கோப்பிக் கடை நடத்துகிறவன். பெயர்ப்பலகை, கோப்பை, ஏப்ரன் எல்லாம் ஓர் அமெரிக்கக் கம்பெனியுடையவை. உழைப்பு மட்டும் ரவியுடையது. ஃப்ரான்சைஸ் என்றால் அதுதானே?

செய்த குற்றம் என்ன தெரியுமா? மஃபினுக்குப் பக்கத்தில் மனைவி பொரித்த மட்டன் ரோல்ஸை வைத்துவிட்டான். ரயிலுக்கு ஓடுகிற சனம் நின்று வாங்கியது. கம்பெனி மெனுவில் ரோல்ஸ் இல்லை. ஆகவே உரிமம் ரத்து, முப்பது நாளில் பலகையைக் கழற்று — இதுதான் கடிதம்.

"எடு எண்டு சொல்லியிருந்தா அண்டைக்கே எடுத்திருப்பனே அண்ணை. ஒரு வார்த்தை கேக்கேல்லை."

"விடு தம்பி. இஞ்சை ஃபொர்லீக்ஸ்ரோ இருக்குத்தானே, அங்கை போய்க் கதைப்பம்" என்றேன் பெரிய மனிதத் தோரணையில். பிணக்கு என்றால் நோர்வேயில் பலரும் முதலில் போய் நிற்கிற இணக்கசபை அது. ஸ்டோவ்னர் ரோல்ஸ் சண்டையை ஒஸ்லோவில் தீர்க்க முடியாதா என்ன?

அதற்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். இங்கே பிறந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள்.

"அங்கிள், பிணக்கு வந்தா கலிபோர்னியாவில ஒரு நடுவருக்கு முன்னாலதான் கதைக்கோணும் எண்டு இருக்கு. அந்த மாநிலச் சட்டப்படி."

கலிபோர்னியாவா? ரவி நாட்டுக்குள்ளேயே இருக்கிற ஸ்தவாங்கருக்கே இரண்டு தரம்தான் போயிருக்கிறான்!

"இஞ்சத்தைய கோர்ட் கேளாதோ பிள்ளை?" என்றேன்.

"பெரும்பாலும் கேளாது. ரவி அண்ணா வாடிக்கையாளர் இல்லை, வியாபாரி. ரெண்டு வியாபாரிகள் ஒத்துக்கொண்ட இடம் எண்டுதான் பாப்பினம்."

சரி... அந்த மாநிலத்திலாவது ஃப்ரான்சைஸ்காரரைக் காப்பாற்ற ஒரு சட்டம் இருக்காதா? இருக்கிறதாம். நல்ல சட்டமாம். தகுந்த காரணம் இல்லாமல் உரிமத்தைப் பறிக்கக் கூடாது, பிழையைத் திருத்த அவகாசம் கொடுக்க வேண்டும். எனக்கு மூச்சு வந்தது.

"ஆனா அது அந்த மாநிலத்தில இருக்கிறவைக்கு, அங்கை கடை நடத்துறவைக்குத்தான் அங்கிள்."

வந்த மூச்சு நின்றுவிட்டது. கட்டிப்போடுவதற்கு அந்த ஊர்ச் சட்டம் கடல் கடந்து ஒஸ்லோ வரை வரும். காப்பாற்ற மட்டும் வராதா? இது எந்த ஊர் நியாயம்?

இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தப் பத்தியை எழுதுவதில் அர்த்தம் இல்லை. ரவிக்கு நோர்வேஜிய மொழி தண்ணீர்பட்ட பாடு, ஆங்கிலம்தான் வராது. அந்த ஆங்கில ஒப்பந்தத்தை அவனுக்கு வாசித்துச் சொன்னது நான். கடைசி ஆறு பக்கங்கள் வந்தபோது, "இதெல்லாம் வழமையான வசனம், எல்லா ஒப்பந்தத்திலையும் இருக்கும்" என்று சொல்லி, கையெழுத்துப் போடும் இடத்தைத் தொட்டுக் காட்டியதும் நான்தான்.

ஸ்டோவ்னர் பக்கம் போகிற வெஸ்ட்லி ரயிலில் திரும்பும்போது அதை அவனிடம் சொன்னேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் அண்ணை. நீங்கள் வாசிச்சிருந்தாலும் நான் போட்டிருப்பன். கடை திறக்கிற அவசரத்தில நிண்டனான்."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

கலிபோர்னியா வரை போய் வழக்காட ரவிக்கு வசதி ஏது? நேற்றுப் பலகை இறங்கியது. ரவி ஏறிக் கழற்றினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறு பக்கம்... மிஞ்சிப்போனால் அரை மணி நேர வாசிப்பு.