சித்தப்பாவின் மைலேஜ்

எங்கள் சித்தப்பாவின் காரில் கண்ணாடியை இறக்கினால் பெட்ரோல் தீர்ந்துவிடும். வெகுநாள் வரை நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்கும், இழுக்க இழுக்க எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும் என்று யாரோ ஒரு லாரிக்காரர் அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்று முதல் ராமநாதபுரத்துச் சித்திரை வெயிலிலும் நான்கு கண்ணாடிகளும் மேலே ஏறியே இருந்தன.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு மிளகாய்க் கொல்லையும் வானம் பார்த்த வயல் கொஞ்சமும் இருந்தன. அவருடைய தம்பிக்கு விவசாயத்தில் மனம் ஒட்டவில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடரை வாங்கி வந்து வாடகைக்கு ஓட்டினார். தேவிபட்டினம், திருப்புல்லாணி, ராமேஸ்வரம் என்று யாத்திரைக்காரர்களை ஏற்றிச் சுற்றி வருவார். பெண் பார்க்கப் போன இடத்திலும், பெண்ணின் தகப்பனாரிடம் தன் வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதை மட்டும் விளக்கிவிட்டு வந்தவர் அவர். அந்த இடம் அமையவில்லை.

மைலேஜுக்காக அவர் செய்யாதது கிடையாது. பாம்பன் பாலத்தின் உச்சிக்கு ஏறியதும் எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியை அதன் போக்கில் இறங்க விடுவார். இரண்டு பக்கமும் கடல். யாத்திரைக்காரர்கள் சாமியை ரொம்ப உருகிக் கும்பிட்டது கோயிலில் இல்லை, அந்த இறக்கத்தில்தான் என்று அய்யா சொல்வார். வடநாட்டுக்காரர்கள் கேன் கேனாகத் தீர்த்தம் பிடித்து வந்தால், பாரம் கூடுகிறதே என்று சித்தப்பாவுக்கு வயிறு எரியும். "பாதித் தீர்த்தத்துக்கும் அதே புண்ணியந்தான்" என்று கைச்சாடையிலேயே சொல்லிப் பாதியைக் கொட்டவைப்பார். இதற்கெல்லாம் மேலே, டேங்கில் பெட்ரோலோடு மண்ணெண்ணெயும் கலக்கும். வண்டி கிளம்பினால் பின்னால் நிற்கும் கோழிகூடத் தும்மும்.

எனக்கு அந்தக் காரில் ஏறினாலே தலை வலிக்கும், வாந்தி வரும். "இவளுக்குக் கார் ஒத்துக்கிறாது" என்று வீட்டில் ஒரேயடியாக முடிவு கட்டிவிட்டார்கள். அம்மா கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து முகர்ந்துகொண்டே வரச் சொல்வாள். பின்சீட்டில் என் இடம் இடது ஓரம். அங்கே காலடியில் தகரம் இற்றுப் போயிருந்தது. தூசி வருகிறது என்று சித்தப்பா அதன் மேல் ஒரு சாக்கை விரித்து, ரப்பர் மிதியடியும் போட்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வண்டிகளுக்குப் புகைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கெடுபிடியாகக் கேட்கத் தொடங்கினார்கள். மெசினின் குழாயை வண்டியின் புகைப்போக்கியில் சொருகி, எவ்வளவு விஷவாயு வருகிறது என்று பார்ப்பார்களாம். அளவு மீறினால் சான்றிதழ் கிடையாது. சித்தப்பாவுக்குத் தாங்க முடியவில்லை.

"அடுப்பே பொகையுது. காரு பொகையாதாண்ணே?"

"ஏலே, சர்க்காரு சொல்லுதுன்னா ஏதாச்சும் இருக்கும்லே. போய்ப் பாத்துட்டு வா" என்றார் அய்யா.

சித்தப்பா மறுநாளே டவுனுக்குப் போய்ச் சான்றிதழோடு வந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, காருக்குள் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்தார். எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட உட்கார்ந்தோம். அன்று அவர் டவுனுக்கு பஸ்ஸில் போய்விட்டு பஸ்ஸில்தான் திரும்பினார் என்பதும், கார் நாள் முழுக்க எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றது என்பதும் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு, தாத்தாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போனோம். அய்யா, அம்மா, நான், ஓட்டுவதற்குச் சித்தப்பா. கடலில் குளித்து, கோயில் கிணறுகள் ஒவ்வொன்றிலும் நனைந்து, ஈரத்தலையோடு திரும்பிக் காரில் ஏறினோம். அன்று எனக்கு வாந்தி வரவில்லை. குளித்த அலுப்பில் கண்ணைச் சொக்கிக்கொண்டு வந்தது. கையில் ஒரு முறுக்கு இருந்தது, பாதி தின்றது. அம்மா மேல் சாய்ந்துகொண்டேன்.

பாம்பனில் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. அமாவாசைக் கூட்டம் போதாதென்று, போலீஸ்காரர்கள் ஒவ்வொரு வண்டியாகக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் கூடுதலாகக் குடிக்கும் என்பது அவருடைய இன்னொரு கணக்கு. அம்மா கண்ணாடியை இறக்கப் போனாள்.

"எறக்காதீக மதினி. முன்னாடி நிக்கிற வேன்காரன் பொகை பூராம் உள்ள வந்துரும்" என்றார் சித்தப்பா.

ஊரான் வீட்டுப் புகைக்குப் பயந்து எங்கள் புகையோடு நாங்கள் அடைந்து கிடந்தோம். அய்யா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, பட்டினியாக இருப்பதால் தலை வலிக்கிறது என்றாராம். அம்மாவுக்கும் குமட்டியதாம். இதெல்லாம் பின்னால் அம்மா சொல்லி நான் அறிந்தது. எனக்கு நினைவில் இருப்பது, ஈரப்பாவாடையின் குளிர்ச்சியும், எங்கேயோ தூரத்தில் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்ததும் மட்டுந்தான். அது கேட்கச் சுகமாகக்கூட இருந்தது.

போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். சித்தப்பா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, பெருமையாகச் சான்றிதழை நீட்டினார். அவர் அதை வாங்காமல் முகத்தைத் திருப்பி இருமினார்.

"என்னய்யா இது, உள்ள இந்த நாத்தம் நாறுது?"

"பொகை சர்ட்டிபிகேட்டு இருக்கு சார்."

அப்போதுதான் முறுக்கு என் கையிலிருந்து நழுவியதை அம்மா பார்த்திருக்கிறாள். எடுத்துக் கொடுக்கக் குனிந்து என் கையைத் தொட்டாள். கை துணி மாதிரி தொங்கியது. உலுக்கினாள். கன்னத்தில் அடித்தாள்.

"ஏத்தா, எந்திரித்தா! ஏங்க, புள்ள முழிக்க மாட்டேங்குதுங்க!"

அம்மா அலறிய அலறலில் முன்னால் நின்ற வேனிலிருந்தெல்லாம் ஆட்கள் இறங்கி ஓடி வந்தார்களாம். போலீஸ்காரர் பின்கதவைத் திறந்து என்னை அள்ளிக்கொண்டு போய், கடல் பக்கம் காற்றடிக்கும் மணலில் கிடத்தினார். ஆடிக் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அய்யா திதி கொடுத்த ஈரவேட்டியோடு என் காலடியில் உட்கார்ந்து, தாத்தாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி, "இவள விட்டுருங்க, இவள விட்டுருங்க" என்று கும்பிட்டாராம். சித்தப்பா காரை விட்டு இறங்கியவர் அங்கேயே நின்றார். கையில் சான்றிதழ். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர்தான் கத்தினார்: "அத மொதல்ல அமத்துய்யா!"

நான் கண் விழித்தபோது வானம் ரொம்ப வெளிச்சமாக இருந்தது. வாந்தி எடுத்தேன். சுற்றிலும் அத்தனை முகங்கள். அம்மா என் முகத்தோடு முகம் வைத்து அழுதாள். நான் கேட்ட முதல் கேள்வி, "என் முறுக்கு எங்க?" என்பதுதானாம். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, விக்கல் எடுக்க, ஒரு வடநாட்டு அம்மாள் தன்னிடம் இருந்த தீர்த்தக் கேனைத் திறந்து அவளுக்குக் குடிக்கக் கொடுத்தாள்.

முன்னால் நின்ற வேனிலேயே எங்களை ஏற்றி ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூக்கில் மாஸ்க் மாட்டி ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா அய்யாவையும் அம்மாவையும் கூட உட்காரவைத்துப் பார்த்தார். "கார்ப் புகைதான். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்திருந்தா நீங்களும் தூங்கியிருப்பீங்க. பயப்படாதீங்க, பிள்ளை தப்பிச்சிருச்சு" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்ட பிறகுதான் அய்யா பட்டினியை முடித்து ஒரு காபி குடித்தார்.

சித்தப்பா பின்னால் தனியாகக் காரை ஓட்டி வந்தார். நான்கு கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. வார்டுக்குள் வரவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா எழுந்து போனாள்.

"அந்தக் காயிதத்தக் குடுங்க தம்பி."

கொடுத்தார். அம்மா நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"இதுல நம்ம வண்டி பொகை சுத்தம்னு போட்டுருக்கு. அங்கன புள்ள மூக்குல மாஸ்க்கு மாட்டிருக்கு. எதத் தம்பி நான் நம்ப?"

"வண்டி வரவேணாம், நம்பரு மட்டும் போதும்னாங்ய மதினி..." என்றார் சித்தப்பா, கம்பியை விடாமல்.

அம்மா திட்டுவாள் என்று நான் படுக்கையிலிருந்து ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திட்டவில்லை. "உள்ள வந்து புள்ளயப் பாருங்க. நல்லாருக்கா" என்றாள். பிறகு, "வண்டிய மெசினு முன்னாடி நிறுத்துற அன்னைக்கு நானும் வாரேன்" என்றாள்.

சொன்னபடி போனாள். என்னையும் கூட்டிக்கொண்டு, சற்று எட்ட நின்று பார்த்தாள். முதல்முறை மெசினில் ஏறிய அளவைப் பார்த்து, அதை வைத்திருந்தவரே பின்னால் நகர்ந்துகொண்டார். ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிப் பார்த்தபோது, உப்புக் காற்றில் புகைக்குழாய் அரித்து, என் காலடிக்கு நேர் கீழே வாயைப் பிளந்திருந்தது. குழாயை மாற்றினார்கள். தகரத்தை ஒட்டவைத்தார்கள். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். மண்ணெண்ணெய் அன்றோடு நின்றது. மறுபடி மெசினில் வைத்தபோது எண் அளவுக்குள் வந்தது. அம்மா அதைத் தன் கண்ணால் எட்டிப் பார்த்த பிறகே காரில் ஏறினாள்.

எனக்குக் கார் ஒத்துக்கொண்டது. தலைவலி இல்லை, வாந்தி இல்லை, எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்குப் போயிற்று. இதைவிடப் பெரிய அதிசயம், கண்ணாடிகளெல்லாம் இறங்கியிருந்தும் வண்டி முன்னைவிடக் கூடுதல் மைலேஜ் கொடுத்தது. சித்தப்பா சில நாள் அதை நம்பாமல் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். பிறகு தானே கண்டுபிடித்ததைப் போல ஊர் முழுக்கச் சொல்ல ஆரம்பித்தார்: "பொகையாப் போறதும் நம்ம பெட்ரோல்தான்யா! எரியாமப் போகுது, அம்புட்டுத்தான். அதத்தான் சர்க்காரு பிடிக்கச் சொல்லுது." அய்யா துண்டால் வாயைத் துடைத்துக்கொள்வார்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தொல்லையாக இருந்தது. அதற்குப் பிறகு சித்தப்பாவின் காரில் நான் நிம்மதியாகத் தூங்கியதே இல்லை. கண் செருகும் நேரம் பார்த்து முன்சீட்டிலிருந்து கேள்வி வரும்.

"ஏத்தா, மண்டபம் தாண்டுனா அடுத்து என்ன ஊரு?"

"உச்சிப்புளி."

"பதினாறாம் வாய்ப்பாடு தெரியுமா?"

"தூக்கம் வருது சித்தப்பா."

"தூங்கு, தூங்கு. வாய்ப்பாட்டச் சொல்லிட்டுத் தூங்கு."

என்னைக் கலெக்டராக்கும் ஆசை அவருக்கு வந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் சலிப்போடு சொல்லித் திரிந்தேன். பெரிய வகுப்புக்குப் போன பிறகும் விடவில்லை. சில சமயம் எரிச்சலில் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன், பதினாறு மூன்று ஐம்பது என்று. அவர் ஒருநாளும் திருத்தியதில்லை. "சரித்தா, சரித்தா" என்று சொல்லிவிட்டுக் கியரை மாற்றுவார். தப்பான பதிலுக்கு அந்த மனிதர் ஏன் அவ்வளவு நிம்மதியாக மூச்சு விடுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.