பெயருக்கு முன்னால் ஒரு சொல்

சிவமணியை நான் முதலில் பார்த்தது பொங்கோல் பேட்டையில், அவளுடைய மாமா கந்தப்புவின் வீட்டில். என் பேரன் ரித்திக்குக்கு அவள் மகள் ஆரபியைப் பேசப் போயிருந்தோம். நெற்றியில் பெரிய குங்குமம், கழுத்தில் தாலி. அவள் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டேன். "காணேல்லை, அம்மா" என்றாள், கடைக்குப் போனவரைச் சொல்வதுபோல.

காணாமல் போய்ப் பதினேழு வருஷமாம். அவர் பெயர் ஜனகன். முல்லைத்தீவில் டிராக்டர் பழுது பார்த்தவர். சண்டை முற்றியதும் வீட்டைப் பூட்டிவிட்டு, ஆறு வயது ஆரபியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடியிருக்கிறார்கள். ஓடுகிற இடமெல்லாம் குண்டு. கடைசியில் ஒரு பாலத்தைத் தாண்டினார்கள். அங்கே சீருடைக்காரர்கள் காத்திருந்தார்கள். சில வருஷம் கழித்துக் கந்தப்பு ஆரபியைக் கடல் தாண்டி இங்கே கொண்டுவந்து படிக்க வைத்தார். பிள்ளைக்குத் துணையென்று சிவமணியும் வந்தாள். மாமாவுக்குச் சமைத்துப் போட்டே அவள் காலம் போயிருக்கிறது.

பேச்சு முடிந்து, கல்யாணக் கார்டு அடிக்க லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்கு எல்லோரும் போனோம். கடைக்காரர் மாதிரியை வாசித்தார். 'ஜனகன், சிவமணி தம்பதியரின் மகள் ஆரபி.'

"நிறுத்துங்க" என்றேன். "பொண்ணோட அப்பா பேருக்கு முன்னால அமரர்னு போடுங்க. இல்லன்னா வர்றவங்க சம்பந்தி எங்கேன்னு மண்டபம் பூராத் தேடுவாங்க."

சிவமணி என்னைப் பார்த்தாள். "அவர் செத்ததை நீங்கள் பாத்தனீங்களோ?"

"இருக்கிறதை நீ பார்த்தியாம்மா? ஒரு மனுஷன் இத்தனை வருஷம் பெத்த பொண்ணைப் பார்க்க வராம இருப்பாரா?"

"பாட்டி, விடுங்க லா." ரித்திக் என் கையைப் பிடித்தான். உதறினேன். இருந்தால் இருக்கிறார், இல்லையென்றால் இல்லை. தாரை வார்க்க யார் நிற்பது? எண்பது வயதில் இதைக்கூட நான் கேட்கக் கூடாதா?

சிவமணி சத்தம் போடவில்லை. "அந்தப் பாலத்தடியில, இயக்கத்தோட ஒருநாள் இருந்தவையும் பேர் பதிய வேணுமெண்டு ஆமிக்காரர் சொன்னவை. இவர் இயக்கத்தின்ர வாகனம் ரெண்டைத் திருத்திக் குடுத்தவர், அவ்வளவுதான். போகமாட்டன் எண்டுதான் நிண்டவர். பதிஞ்சா விட்டிடுவாங்கள், போங்கோ எண்டு சொன்னது நான். அவருக்கு வலக்கையில காயம், பேனை பிடிக்க ஏலாது. கொப்பியில அவரின்ர பேரை நான்தான் எழுதினனான். அந்தக் கையோட பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனவங்கள்."

பிறகு சொன்னாள்: "ஒருக்கா அவரை எழுதிக் குடுத்திட்டன், அம்மா. இன்னொருக்கா எழுதச் சொல்லாதேங்கோ."

கடைக்காரர் குனிந்துகொண்டார்.  எனக்கு அத்தனை பேர் முன்னால் இறங்கிவர மனம் வரவில்லை. "அப்படின்னா பேரே வேணாம்" என்றேன்.

"ஓம்" என்றாள். "என்ரையையும் எடுத்துவிடுங்கோ."

கந்தப்புவின் பேத்தி ஆரபி என்று கார்டு வந்தது. தூரத்து உறவில் ஒரு தம்பதி மணையில் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். சிவமணி அதே குங்குமத்தோடு கடைசி வரிசையில் இருந்தாள். சம்பந்தி எங்கே என்று யாரும் தேடவில்லை. நான் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது.

மறுநாள் காலையில் தண்ணீர் எடுக்கப் போனேன். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஆரபி தன் கல்யாணக் கார்டை ஒட்டியிருந்தாள். அவள் பெயர் என்று கடைக்காரர் காட்டிய இடத்துக்கு மேலே பேனாவால் ஒரு வரி. அச்சு எது, கையெழுத்து எது என்று எழுத்துத் தெரியாத எனக்கும் தெரியும். ஆரபி அடுப்படியில்தான் நின்றாள். காபி வைத்தாள், என் பக்கம் திரும்பவில்லை.

ரித்திக்கின் அப்பா, என் மகன் முத்துராமன் வந்து பார்த்தான். "வாசிச்சுக் காட்டவாம்மா?"

"வேணாம்" என்றேன். "அது அங்கேயே இருக்கட்டும்."