அவளின் கால் பற்றி நான் சொன்னது

டக். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி டக். ஒழுங்கையில் ஆரோ சைக்கிளில் போகிறார்கள். தளர்ந்த செயின் கவர் மிதிக்கு ஒரு தரம் தட்டுகிறது. என் கையில் பேனை நின்றுவிடுகிறது. அவள் இல்லை, தெரியும். அவள் இனிச் சைக்கிள் ஓடமாட்டாள்.

கண்டாவளையில் எங்களுக்கு அடுத்த வளவு அவளுடையது. சந்தியில் ஒரு தையல் கடையில் வேலை. சண்டையின் கடைசி மாதங்களில் இடது முழங்காலுக்குள் போன செல் குண்டுத் துண்டு அங்கேயே தங்கிவிட்டது. நடந்தால் கால் இழுக்கும். "நடந்தாத்தான் நொண்டி அண்ணை, ஏறி இருந்தா மகாராணி!" மணியடித்துக்கொண்டு போவாள். வலது கால் மிதிக்கும், இடது கால் துணைக்குப் போகும். டக். டக்.

மணல் டிப்பர் ஒன்று பிழையான பக்கத்தால் வந்து அவளை அடித்தது. அதே முழங்கால். இனி மடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சைக்கிளும் போச்சு, மிதிக்கிற தையல் மெசினும் போச்சு.

"நட்டஈடு பிச்சை இல்லையாம் அண்ணை, என்ரை உரிமையாம். சட்டத்தரணி சொன்னவர்," என்றாள், வேலிக்கு அந்தப் பக்கம் ஊன்றுகோலோடு நின்று. "கிடைச்சா மோட்டர் பூட்டின மெசின் ஒண்டு வாங்குவன். ஒரு கால் காணும் அதுக்கு."

பிறகு டிப்பருக்குக் காப்புறுதி செய்த கொம்பனியின் ஆள் என்னிடம் வந்தான். கதிரை போட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன்.

"அயலவர் எண்டபடியால் சும்மா கேக்கிறன் ஐயா. அவா முந்தியும் நொண்டுறவாவோ?"

ஓம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் எங்கே நிறுத்துவது! செல்லுக்குப் பயந்து அவள் பதுங்கிக் கிடந்த பங்கரைச் சொன்னேன், சீலை கிழித்துக் கட்டிய காயத்தைச் சொன்னேன், அவளின் காலுக்குள் சண்டை இன்னும் படுத்துக் கிடக்கிறது என்றும் சொன்னேன். அவன் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தான். "ஐயா எழுதுறவரோ?" எனக்கு உச்சி குளிர்ந்தது. அவன் வாசித்துக் காட்டியதில் இரண்டு சொல்லைத் திருத்தி, வடிவாகக் கையெழுத்தும் வைத்தேன்.

அந்தக் காலோடுதான் அவள் நாளும் சைக்கிள் ஓடினாள், மெசின் மிதித்தாள். அதை அவன் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. அந்தத் தாளில் ஒரு பொய்கூட இல்லை.

வழக்கு நாளில் கோட்டில் என் தாள் வந்தது. காலைக் கெடுத்தது சண்டை, டிப்பர் இல்லை என்று வாதாடினார்கள். வழக்கு இழுபடும் என்று பயந்து, கொம்பனி தந்ததை வாங்கிக்கொண்டாள். அது ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஓட்டோக் காசுக்கே சரியாய்ப் போனது.

செட்டிகுளத்தில் இருக்கும் தமக்கையிடம் அவள் போகிற அன்று, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடம் மட்டும் கூடப் போனேன். பஸ் தெரிந்த பிறகுதான் வாய் வந்தது.

"தங்கச்சி, நீர் நாளும் சைக்கிள் ஓடினனீர் எண்டதையும் நான் சொல்லியிருக்க வேணும்."

"ஓம்," என்றாள்.

மடியாத காலை இரண்டு கையாலும் தூக்கிப் படியில் வைத்தாள். பையை வாங்கிக்கொண்டாள். கோபம் இல்லாமல், கடையில் சாமான் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்:

"இனி ஆரும் வந்து என்னைப் பற்றிக் கேட்டா, தெரியாதெண்டு சொல்லுங்கோ அண்ணை."