மூன்று குருவித் தோரணம்

காலைச் சாப்பாட்டுக்குப் பாண் விற்கும் ஓட்டோ ஒவ்வொரு விடியலிலும் ஒரே மெட்டைப் பாடிக்கொண்டுதான் எங்கள் திருநெல்வேலி ஒழுங்கைக்குள் நுழையும். மழையென்றாலும் பாடும், நாய்கள் துரத்தினாலும் பாடும். அன்று முடக்கில் திரும்பியதும் பாட்டு சட்டென்று அறுந்தது. ஓட்டோ மெல்ல உருண்டு என் படலையடியில் நின்றது. பாண்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அக்கா, ஆர் மோசம் போனது? எந்த வீட்டில செத்தவீடு?"

"என்ன கதை உது? பக்கத்து வீட்டில இண்டைக்குக் கலியாணமெல்லே!"

அவர் நாடியை உயர்த்தி மேலே காட்டினார்.

தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்து பார்த்தேன். முடக்கிலிருந்து கலியாண வீட்டு வாழைகள் வரை, மதிலுக்கு மதில் கயிறு. கயிறு நிறையத் தென்னங்குருத்துத் தோரணம். வெயில் இன்னும் தொடாத இளமஞ்சள். காற்றில் ஒழுங்கை முழுவதும் சிறகடித்தது. எவ்வளவு வடிவு என்று வாய் திறக்கப் போனவள், ஓலையில் மடித்திருந்த குருவிகளைப் பார்த்துவிட்டேன். மூன்று. அடுத்த ஓலையிலும் மூன்று. அதற்கடுத்ததிலும். தேத்தண்ணி காலில் சிந்தியிருந்தது. சுட்டது பிறகுதான் தெரிந்தது.

நல்ல காரியத்துக்கு நாலு குருவி. மூன்று குருவி செத்தவீட்டுக்கு. எங்கள் ஊரில் எந்தக் கையும் இதில் பிழை விடாது. பெண் கூறை உடுத்து வெளியே வருமுன் அவள் வாசலில் யாரோ சாவைக் கட்டித் தூக்கிவிட்டிருந்தார்கள்.

யாரென்று ஊகிக்க நேரம் எடுக்கவில்லை. என் வீட்டின் பின்னறைகளில் கம்பஸ் பொடியள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகள். குருத்தோலையில் பூவும் கூடும் செய்து விளையாடும் கைகள். அவர்களுடைய மோட்டார்சைக்கிள் இரைச்சலும் கிணற்றடிச் சிரிப்பும் பக்கத்து வீட்டு அண்ணைக்கு ஆகாது. மகளின் கலியாணத்துக்குக் குங்குமச் சிமிழோடு எனக்கு அழைப்புச் சொல்ல வந்தவர், போகும்போது படலையைப் பிடித்தபடி சொன்னார்: "பிள்ளை, கலியாணம் முடிய உவங்களை அறையை விட்டு எழுப்பிப்போடு. இல்லாட்டி உன்ரை வீட்டு வாசல் நான் மிதியன்." இறுதிப் பரீட்சைக்கு அவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் கம்பஸைச் சுற்றி வேறு அறை எங்கே கிடைக்கும்? நான் இன்னும் அவர்களிடம் வாய் திறக்கவில்லை.

இப்போது அண்ணை ஈர வேட்டியோடு வெளியே வந்தார். மேலே பார்த்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"ஆரடா..." என்றார். எட்டிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஓலைகள் அவர் தலையிலும் தோளிலும் விழுந்தன.

பின்பக்கத்திலிருந்து நால்வரில் நெட்டைப் பொடியன் ஓடிவந்தான். விரலெல்லாம் ஓலைக் கீறல். புகழ்ச்சியை எதிர்பார்த்து மலர்ந்திருந்த முகம்.

"அன்ரி, வடிவா?"

அந்த ஒரு சொல்லில் நான் நொறுங்கிப் போனேன். அண்ணை வெடித்தார்.

"வடிவோ? வடிவோ கேக்கிறாய்? என்ரை பிள்ளைக்குப் பாடை கட்டிப்போட்டு வடிவோ? மாப்பிள்ளை வீட்டுக்காரர் உரும்பிராயிலயிருந்து வெளிக்கிட்டிட்டினம். வந்து பாத்தால் திரும்பிப் போயிடுவினமடா!"

பொடியனுக்குப் பாதிதான் விளங்கியது. பயம் முழுவதும் விளங்கியது.

"தம்பி," என்றேன், "உதைக் கட்ட ஆர் காட்டித் தந்தது?"

அவன் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினான். அண்ணையை நோக்கி.

"அங்கிள்தான். அங்கிளின்ரை அண்ணா செத்த நாள். பக்கத்தில இருந்து காட்டித் தந்தது."

போன வருடம் அண்ணையின் தமையன் இறந்தபோது, இவர்கள் தாங்களாகவே போய், வந்தவர்கள் இருக்கக் கதிரை தூக்கினார்கள். ஓலை மடிக்க ஆள் போதாமல் அண்ணை இவர்களைப் பக்கத்தில் இருத்தி, அழுத கண்ணோடு, ஒவ்வொரு மடிப்பாகச் சொல்லிக் கொடுத்தார். அந்த ஒரு நாள்தான் அவர் இவர்களோடு கதைத்த நாள். எங்கள் ஒழுங்கையில் இவர்கள் படித்த ஒரே தோரணம் அதுதான்.

அண்ணையின் கை கயிற்றிலேயே நின்றது.

"இண்டைக்கு உங்களை ஆர் கட்டச் சொன்னது?" குரல் இறங்கியிருந்தது.

"ஒருத்தரும் சொல்லேல்லை அங்கிள். அண்டைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை."

செத்தவீட்டுக்கு ஒருத்தரும் சொல்லாமலே போவோம்; கலியாணத்துக்கு வந்து சொன்னால்தான் போவோம். இது எங்கள் வழக்கம். இவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. குங்குமச் சிமிழ் என் முன்வாசலோடு திரும்பியதை நான் பார்த்துக்கொண்டு நின்றவள்.

அண்ணை தலையிலிருந்த ஓலையை எடுத்துப் பார்த்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒழுங்கைக் கரையில் ஈர வேட்டியோடு குந்தினார்.

"மிச்சக் குருத்து கிடக்கோ?"

"கிடக்கு அங்கிள்."

"கொண்டு வா. மற்றவங்களையும் எழுப்பு. கெதியா!"

நால்வரும் சுற்றிக் குந்தினார்கள். பாண்காரர்கூட ஓட்டோவை விட்டிறங்கிப் பழைய கயிறுகளை அறுத்தார். அண்ணை மடித்தார், நிமிர்ந்து பார்க்காமல். "நாலு. விளங்குதோ? மூண்டில்லை, மடையா, நாலு." நெட்டையன் எண்ணிக்கொண்டே மடித்தான். மாப்பிள்ளை வீட்டாரின் வான் முடக்கில் ஹோர்ன் அடித்தபோது கடைசிக் கயிறு ஏறிக்கொண்டிருந்தது. அண்ணை அதே ஈர வேட்டியில் உள்ளே ஓடினார். படலைக்குள் நுழையுமுன் திரும்பி, "பந்திக்கு நாலு பேரும் வரவேணும்!" என்று கத்தினார். அழைப்பா அதட்டலா என்று அவர்களுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் அண்ணை மதிலால் எட்டிக் கேட்டார். "பொடியளுக்குச் சோதினை எப்ப முடியுது?"

"இன்னும் ரெண்டு மாதம் கிடக்கு, அண்ணை."

"முடியுமட்டும் இருக்கட்டும். மோட்டார்சைக்கிளை மட்டும் முடக்கிலயே நிப்பாட்டி உருட்டிக்கொண்டு வரச் சொல்லு."

அன்று மாலை இரைச்சல் வரவில்லை. நெடுநேரம் வரவில்லை. பாண் ஓட்டோ பாட்டை நிறுத்திய அதே மௌனம். நான் சொல்லியனுப்பியதையும் மறந்து பதறியடித்துப் படலைக்கு ஓடினேன். முடக்கிலிருந்து இரண்டு மோட்டார்சைக்கிள்களை, தூங்கும் மாடுகளை நடத்துவதுபோல், நால்வரும் உருட்டிக்கொண்டு வந்தார்கள்.