வெள்ளைக்காரன் கேட்ட ஆறு ரிக்கார்டுகள்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரம் அடைந்ததற்கு, முந்திய ஆண்டு மலாக்கா டவுனில் ரேடியோவும் ரிக்கார்டும் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தேன். எனக்கு இருபத்தாறு வயது. வீடு காஜா பெராங்கில், மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் செட்டி கம்பத்தை ஒட்டி இருந்தது. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்.

அண்ணன் ரப்பர் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவன். கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருடம் தடுப்பு முகாமில் வைத்திருந்து, பிறகு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். கைக்குழந்தையாக மலாயாவுக்கு வந்தவன். திரும்பிப் போய் இறங்கிய ஊரில் அவனுக்கு ஒரு வீட்டு வாசல்கூடத் தெரியாது. கடை விலாசத்துக்குத்தான் கடிதம் போடுவான். நான் கொண்டுபோய் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

அதனால் பட்டாளச் சட்டை போட்ட யாரோடும் நான் பேசுவதில்லை. முதலாளிக்கு அது பிடிக்காது. "சட்டையப் பாத்தா வியாபாரம் பண்றது? என்ன வேணும்னு கேளு தம்பி" என்பார்.

சனிக்கிழமைகளில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் வருவான். இருபது வயதுதான் இருக்கும். வெயிலில் கழுத்து சிவந்து தோல் உரிந்திருக்கும். ஒரு நாள் ஆறு பெயர்கள் எழுதிய தாளை நீட்டினான். புளூஸ் பாடுகிறவர்கள் என்றான். ரேடியோவில் கேட்டிருந்த இரண்டு மூன்று பேரைச் சொல்லி, "அவர்கள் மாதிரியா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினான்.

புளூஸ் என்றால் ஒருவன் கித்தாரை வைத்துக்கொண்டு அழுவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை என்றான். அமெரிக்காவில் பருத்திக் காட்டிலிருந்து ரயிலேறிப் பட்டணம் போன கறுப்பர்கள் ஒவ்வொரு பட்டணத்திலும் ஒவ்வொரு விதமாகப் பாடினார்களாம். ஒரு பட்டணத்தில் கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்று கித்தாருக்கு மின்சாரம் கொடுத்தார்கள். மேற்குக் கரையில் பியானோவை மெதுவாகத் தட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடினார்கள். இன்னோர் இடத்தில் நான்கு சாக்ஸபோன்களுக்கு மேலே ஒரு பெண்ணின் குரல் எழும்பும். தாளில் இருந்த ஆறு பேரும் ஒன்றிரண்டு ரிக்கார்டு போட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போனவர்கள். ஒருவர் மாடறுக்கும் கூடத்தில், ஒருவர் இரும்பாலையில், ஒரு பெண் சலவைக் கடையில். மற்றவர்களைப் பற்றி அவனுக்கும் தெரியவில்லை.

சிங்கப்பூர் ஏஜெண்டுக்கு எழுதிக் கேட்டேன்; கப்பல்காரர்களிடம் சொல்லி வரவழைப்பதாகப் பதில் எழுதினான். மாதங்கள் போயின. சிப்பாய் வந்து வந்து விசாரிப்பான். ஒரு சனிக்கிழமை, "உனக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா?" என்று கேட்டான்.

"ஓர் அண்ணன். உங்கள் ஆட்கள் கப்பலேற்றிவிட்டார்கள்."

"எதற்கு?"

"சங்கத்தில் இருந்தான்."

"என் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் சங்கத்து ஆள்" என்றான். நான் பில் புத்தகத்தைப் புரட்டினேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் வந்து, ரிக்கார்டுப் பெட்டி வந்ததா என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பத்து நாள் கழித்து முதலாளி சொன்னார். "அந்தப் பையன் போயிட்டானாம் தம்பி. லோரி பள்ளத்துல கவுந்திருச்சாம். கேம்ப்பு கேண்டீன்காரன் சொல்றான்."

அதே மாதம் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து அண்ணனுடையது இல்லை. அவனோடு கப்பலில் போன ஒருவர் எழுதியிருந்தார். எட்டு நாள் காய்ச்சல், பிறகு அண்ணன் இறந்துவிட்டான். என்றைக்கு என்றுகூட எழுதவில்லை. நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"பெரியவன் கடுதாசி போட்டானா?" என்றார் அம்மா அன்று சாயங்காலம்.

"இல்லம்மா."

"மெர்டேக்கா ஆயிட்டா அவன உள்ள விட்டுருவாங்கல்ல?"

"விட்டுருவாங்க."

மூன்று மாதம் இதே கேள்விக்கு இதே பதிலைச் சொன்னேன்.

மெர்டேக்கா வாரத்தில் கடையில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கேட்டு ஒரே கூட்டம். அந்த நெருக்கடியில்தான் பெட்டி வந்தது. ஆறில் ஒன்று உடைந்திருந்தது. "இத யாரு வாங்குவா? நீயே கொண்டு போ" என்றார் முதலாளி.

எங்கள் வீட்டில் கிராமபோன் இல்லை. செட்டி கம்பத்தில் ஒரு விதவை அம்மாள் சாவி கொடுக்கும் கிராமபோன் வைத்திருந்தார். எங்களைப்போலவே சாமி கும்பிடுகிறவர். ஆனால் பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டிக் குடும்பம் என்பதால் தமிழ் வராது, பேச்செல்லாம் மலாய். ஞாயிறு மத்தியானம் ஐந்து ரிக்கார்டுகளையும் அங்கே கொண்டுபோனேன். சிப்பாய் சொன்னது சரிதான். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்றில் கித்தார் இரும்பை அறுப்பதுபோல இருந்தது. ஒன்றைக் கேட்டு அந்த அம்மாள் காலால் தாளம் போட்டார். கடைசியாக வைத்தது சலவைக் கடைப் பெண்ணுடையது. பியானோ மட்டும்தான். எனக்குப் பாதிதான் விளங்கியது. சிறையிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் ரயிலுக்காக அவள் நிற்கிறாள். ரயில் வருகிறது, அவள் எதிர்பார்க்கிறவன் இறங்கவில்லை. அடுத்த ரயிலுக்கும் நிற்கிறாள்.

"சியாப்பா மாத்தி?" என்று அந்த அம்மாள் கேட்டார். யார் செத்தது என்று. பாட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அபாங் சாயா" என்றேன். என் அண்ணன். அதை அதுவரை எந்த மொழியிலும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவர் ரிக்கார்டை நிறுத்தினார். அம்மாவுக்குத் தெரியுமா என்று மலாயில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். தோளில் துணியைப் போட்டுக்கொண்டு எங்கள் வேலி வரை கூடவே நடந்து வந்து, வெளியே நின்றுகொண்டார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சொன்னேன். கையிலிருந்த தண்டைக் கீழே வைத்தார். சத்தம் போட்டு அழவில்லை.

"எப்ப?"

"கடுதாசி வந்து மூணு மாசமாச்சும்மா."

"செவ்வாக்கெழமக்கிச் செவ்வாக்கெழம அவன் வரணும்னு பட்டினி கெடந்தேன். நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

கடிதத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"கொள்ளி வச்சது யாரு?"

"தெரியலம்மா. அதுல எழுதல."

எழுதியவருக்கு இரண்டு கடிதம் போட்டுக் கேட்டேன். பதில் வரவில்லை. இறந்த நாள் தெரியாததால் அடுத்த அமாவாசையில் கடற்கரையில் பிண்டம் வைத்தேன். அம்மா வந்தார்; ஆனால் என் பக்கத்தில் நிற்கவில்லை. தீபாவளி வரை என்னோடு பேசவில்லை. அதன் பிறகு பேசியதும் சோறு, விறகு, மழை என்ற அளவோடு நின்றது. இறக்கும் வருடம் வரை, யாராவது நாகப்பட்டினம் போய்வந்தார்கள் என்று கேள்விப்பட்டால் அவர்கள் வீட்டுக்கு நடந்தே போய், கொள்ளி வைத்தது யார் என்று விசாரித்துவிட்டு வருவார்.