ஊதா எண்ணெய்

மார்கழி பிறந்தால் பாலக்கோட்டுப் பக்கத்துப் பிள்ளைகளின் கால்களெல்லாம் சிலேட்டாகிவிடும். பனிக்குத் தோல் வறண்டு சாம்பல் பூத்திருக்கும். நகத்தால் கீறினால் வெள்ளையாக எழுத்து விழும். வாத்தியார் பார்க்காத நேரத்தில் முழங்காலுக்குக் கீழே பேரெழுதி விளையாடுவோம். அப்படி ஒருநாள் காலில் மயில் வரைந்துகொண்டு வீட்டுக்கு வந்தபோதுதான் அம்மா என்னை உட்காரவைத்து அந்த எண்ணெயைத் தேய்த்துவிட்டாள்.

மற்ற வீடுகளில் பனிவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்பா தக்காளித் தோட்டத்தைத் தாண்டிப் போய், கரட்டுமேட்டிலிருந்து வெட்பாலைத் தழை ஒடித்து வந்திருந்தார். அம்மா அதைக் கத்தி படாமல் கையாலேயே கிள்ளி ஊறுகாய் பாட்டிலில் போட்டு, தேங்காய் எண்ணெய் ஊற்றி, வாசல் மதில்மேல் வெயிலில் வைத்தாள். பச்சைத் தழை ஊறினால் எண்ணெய் பச்சையாகத்தானே மாற வேண்டும்? அது சில நாளில் சிவந்து, கறுத்து, கடைசியில் ஊதாவாகிவிட்டது. வெயில் பட்டால் பாட்டிலுக்குள் கெட்ட ரத்தம் நிற்பதுபோல் இருக்கும்.

"எனக்கு மட்டும் ஏம்மா இந்த எண்ணெய்?" என்றேன்.

"தோலு காஞ்சு கெடக்குதில்ல, அதுக்குத்தான். யாராச்சும் கேட்டா 'எனக்குத்தான் இந்த எண்ணெய்'னு நீ சொல்லு. கேக்காம நீயா போயி சொல்லாத."

பயம் அங்கே தொடங்கியது. சொல்லக்கூடாத நோய் என்றால் பெரிய நோயாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்கேற்றாற்போல அத்தையும் மாறிப்போனாள். அத்தை அப்பாவின் தங்கை. அதியமான்கோட்டையில் மாப்பிள்ளை பார்த்து, தையில் கல்யாணம் என்று உறுதி செய்திருந்தார்கள். அதுவரை ஒரே போர்வைக்குள் என்னை அணைத்துக்கொண்டு தூங்கியவள், திடீரென்று தனிப் பாய் போட்டுக்கொண்டாள். துண்டு தனி, சோப்பு தனி. நான் தொட வந்தால் முழுக்கைச் சுடிதாரை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு விலகுவாள். என்னிடமிருந்து ஒட்டிக்கொள்ளும் என்றுதான் பயப்படுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. குற்றம் சொல்ல முடியுமா? கல்யாணப் பெண்.

ஒருநாள் சாயங்காலம் தண்ணீர் குடிக்கப் போனபோது, சமையலறைக்குள் அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொல்வது காதில் விழுந்தது.

"முதுகு பூராவும் பரவிடுச்சுங்க. மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா என்னா பண்றது?"

"கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காத," என்றார் அப்பா. அவர் குரலில் இருந்தது கோபமில்லை, பயம். அப்பா பயந்து நான் கேட்டதே இல்லை.

குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கை எட்டிய மட்டும் முதுகைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது. அப்படியானால் கை எட்டாத இடத்தில்தான் ஆரம்பித்திருக்கிறது. தோல் உரிந்துகொண்டே போனால் கடைசியில் பாம்பாகிவிடுவார்கள் என்று வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி முன்பே சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மல்லாந்து படுக்கவும் பயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வாசலில் வந்து நின்றார். பாட்டிலை எடுத்து ஒளிக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அவர் அதைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"வெட்பாலையாட்டம் இருக்குது. யாருக்குங்க?"

அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இவளுக்குத்தாங்க. பனி வந்தாப் போதும், காலெல்லாம் வெடிச்சுப் போவுது." சொல்லிக்கொண்டே என் பாவாடையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள்.

அவர் குனிந்து கட்டைவிரலால் என் காலைத் தேய்த்துப் பார்த்தார். "இது வெறும் பனிங்க. தேங்கா எண்ணெய் வெச்சாலே போயிடும்," என்றார். பிறகு நிமிர்ந்து, என் தலைக்கு மேலாகப் பார்த்தார். எனக்குப் பின்னால் அத்தை டீத் தட்டோடு நின்றிருந்தாள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது.

"ஆனா இந்த எண்ணெய விட்றாதீங்க. தடவிட்டு, காலைல இளவெயில்ல கொஞ்ச நேரம் நிக்கணும். மூடி மூடி வெச்சாத்தான் அதிகமாவும். எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. கூட இருந்த எங்க ஒருத்தருக்கும் ஒட்டல." சற்று நிறுத்தி, "டீ ஆறிப்போவுது, குடு கண்ணு," என்றார் அத்தையிடம்.

அவர் போனதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அத்தை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தோட்டத்திலிருந்து வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெறும் பனி என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னது என் மனத்தில் நிற்கவே இல்லை. என் காலைப் பார்த்துவிட்டார்கள். என்னால் கல்யாணம் நின்றுவிட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தையில் குறித்தபடியே கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளையின் அம்மாவே அத்தைக்குப் பூ வைத்துவிட்டார் என்பதெல்லாம் பிறகு வந்தவை.

மறுநாள் விடிந்ததும் மொட்டை மாடிக்கு ஏறி, காலில் எண்ணெயை அப்பிக்கொண்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி வெயிலுக்குக் காத்து நின்றேன். பல் கிட்டியது. அழுகையும் வந்தது. பின்னால் காலடி கேட்டுத் திரும்பினேன். அத்தை வந்து என் பக்கத்தில் நின்று, முழுக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள். கை முழுக்கச் சிவந்த திட்டுகள். அவற்றின்மேல் மீன் செதில்போல வெள்ளை வெள்ளையாகத் தோல்.

"ஐயோ அத்தே, என்கிட்டருந்து ஒட்டிக்கிச்சே!" என்று அலறிவிட்டேன்.

அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. "உன்கிட்டருந்து இல்ல பாப்பா. எனக்கு ரொம்ப நாளாவே இருக்குது. அந்த எண்ணெயே எனக்குத்தான் போட்டது. உனக்கு ஒண்ணுமே இல்ல, கண்ணு."

அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பவில்லை. சாகப்போகிற பிள்ளைகளிடம் பெரியவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்தேன். பாவம், அவள் மனம் நோகக்கூடாதே என்று, நம்பிவிட்டவளைப்போலத் தலையாட்டினேன்.